பதினாறாம் கட்டிலில் சொன்னது

வெள்ளவத்தை
14.06.1997

ஐறீன் மிஸ்ஸிக்கு,

இத்துடன் வரும் பார்சலில் உங்களுடைய நீலப்பூச் சட்டை இருக்கிறது. பெப்ரவரி மாதம் வார்டில் எனக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, என் உடுப்பு பாழாகிக் கிடந்ததால் நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறேன். இடது கைப்பக்கம் தையல் விட்டிருந்தது, அதையும் தைத்துவிட்டேன். துணிக்கடையில் வேலை செய்கிறவளுக்கு அது பெரிய காரியம் இல்லை.

என்னை ஞாபகம் இருக்குமோ தெரியாது. பதினாறாம் கட்டில். பெயர் பாக்கியலெட்சுமி. சாகப் பார்த்தேன் என்று கொண்டுவந்து போட்டார்களே, அவள்தான். மூன்றாம் நாள் பெண் டொக்டர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். அதைச் சிங்களமாக்கிச் சொல்ல, வார்டு நேர்ஸான நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். நான் சொல்லி முடித்ததும் நீங்கள் டொக்டரிடம், "தவறுதலாக நடந்துவிட்டது. வீட்டுக்குப் போக வேண்டுமாம்" என்று சொன்னீர்கள்.

எனக்குச் சிங்களம் தெரியும் மிஸ்ஸி. பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஏழு வருடமாக வெள்ளவத்தையில் சிங்களச் சனத்துக்குச் சேலை விற்கிறேன். உங்கள் சிங்களத்தைவிட என் சிங்களம் திறம் என்றுகூடச் சொல்வேன்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். சட்டைக்கு நன்றி.

பாக்கியலெட்சுமி


கொட்டாஞ்சேனை
20.06.1997

அன்புள்ள பாக்கியம் தங்கச்சிக்கு,

ஞாபகம் இல்லாமல் எப்படிப் போகும்? நீ துண்டு வெட்டிப் போன பிறகு இரண்டு மூன்று தரம் உன்னைப் பற்றி வீட்டில் கதைத்திருக்கிறேன். சட்டையைத் திருப்பி அனுப்பியதுதான் மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. திருப்பி வாங்கவா கொடுத்தேன்?

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். நான் உனக்குக் கெடுதல் செய்யவில்லை. உன் கட்டிலின் கால்மாட்டில் யார் நின்றது என்று பார்த்தாயா? ஆஸ்பத்திரிப் பொலிஸ் போஸ்ட்டின் கொன்ஸ்டபிள், கையில் புத்தகத்தோடு. சாகப் பார்ப்பதும் இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு குற்றம். எழுதிக்கொண்டு போனால் பெயர், ஊர், எங்கே தங்கியிருக்கிறாய், பொலிசில் பதிந்திருக்கிறாயா, யாரோடு பழக்கம் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். சிங்களப் பெண் என்றால் அதட்டிவிட்டு விடுவார்கள். தமிழ்ப் பெண், அதுவும் இந்தக் காலத்தில். உன் துண்டில் வெள்ளவத்தை என்று இருந்ததைப் பார்த்து நீ யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றே முடிவு செய்துவிட்டேன். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் தம்பி ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளார்க். தொண்ணூற்றைந்தில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தபோது, வீட்டில் யார் வந்து தங்கினார்கள் என்று பொலிஸ் என்னைக் கேட்டது. நான் கோயிலுக்குப் போகிறவள், உண்மையைச் சொன்னேன். மட்டக்களப்பிலிருந்து அவனுடைய சிநேகிதன் இரண்டு நாள் நின்றான் என்றேன். அந்த ஒரு வசனத்துக்கு ஒஸ்வால்ட் பதினொரு நாள் உள்ளே இருந்தான். வந்த பிறகும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க ஒரு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு எவரும் எதையும் கேட்டால் நான் குறைத்துத்தான் சொல்வேன்.

நான் ஒன்று கேட்கிறேன், சொல். சிங்களம் அவ்வளவு நல்லாய்த் தெரியுமென்றால் நீயே டொக்டரிடம் நேரே சொல்லியிருக்கலாமே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பிட்டுக்கொண்டு ஆறுதலாகக் கதைக்கலாம். செபஸ்தியனின் பேக்கரிக்கு அடுத்த ஒழுங்கை என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

அன்புடன்,
ஐறீன் அக்கா


வெள்ளவத்தை
29.06.1997

ஐறீன் மிஸ்ஸிக்கு,

வீட்டுக்கு வரமாட்டேன். வந்தால் நீங்கள் கதைப்பீர்கள், நான் தலையாட்டிவிட்டு வருவேன். கடிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நடுவில் யாரும் வரமுடியாது.

நேரே ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். என்னிடம் இருப்பது சேலை விற்கிற சிங்களம் மிஸ்ஸி. விலை சொல்லலாம், நிறம் சொல்லலாம், "நோனாவுக்கு இது நல்லா எடுக்கும்" என்று பொய் சொல்லலாம். அன்று சொல்ல வேண்டியிருந்ததற்கு என்னிடம் தமிழ்தான் இருந்தது. அதைக்கூட மூன்று நாள் கிடந்து யோசித்துத்தான் சேர்த்தேன். என் வாழ்நாளில் ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் மாற்றிச் சொன்னபோதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டொக்டரின் முகம் உடனே தெளிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்றால், நான் சொன்னது வெளியில் சொல்லக்கூடாத விஷயம்போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒஸ்வால்டுக்குப் பதினொரு நாள் என்று எழுதினீர்கள். என் தம்பி அழகருக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. பத்தொன்பது வயது. தோட்டத்தில் சும்மா இருக்கிறான் என்று நான்தான் கொழும்புக்குக் கூப்பிட்டு ஜிந்துப்பிட்டியில் ஒரு அறையில் விட்டேன். அவனுக்கு அடையாள அட்டை இல்லை. அதற்கான படிவத்தை என்னிடம் தந்து, "அக்கா, இதை மட்டும் சீக்கிரம் செஞ்சு குடு" என்றான். தீபாவளி வியாபாரம், முதலாளி லீவு தரமாட்டார் என்று நான் கேட்காமலே இருந்தேன். படிவம் இரண்டு மாதம் என் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் கிடந்தது. அந்த அறையைச் சுற்றி வளைத்து அவனைப் பிடித்த அன்றும் அங்கேதான் கிடந்தது.

இப்போது புதுக்கடைக் கோர்ட்டில் அவன் வழக்கை ஒரு வக்கீல் பார்க்கிறார். தவணை போட்டுக்கொண்டே போகிறார்கள். பார்க்கப் போனால் அழகர் சிரிக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மே மாதம் நான் மறுபடியும் செய்துகொண்டேன் மிஸ்ஸி. கடைக்கு மேல் அறையில் என்னோடு இருக்கிற கௌரி கண்டு, வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அங்கே தமிழ் தெரிந்த மிஸ்ஸி யாரும் இல்லை. டொக்டர் கேட்டதும், நீங்கள் சொன்ன அதே வசனத்தை நானே சிங்களத்தில் சொன்னேன். தவறுதலாக நடந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும். நல்லாக வேலை செய்தது. மறுநாள் காலையில் துண்டு வெட்டிவிட்டார்கள்.

பாக்கியலெட்சுமி


கொட்டாஞ்சேனை
06.07.1997

பாக்கியம் தங்கச்சிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்தான். நான் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

என் வசனம் உன் வாயிலிருந்து வந்திருக்கிறது. நான் உனக்குக் கொடுத்தனுப்பியது சட்டை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டாலும் போதாது என்று தெரியும். கேட்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ மட்டும் இல்லை. நாலைந்து வருடமாக அந்த வார்டில் சாகப் பார்த்து வந்த தமிழ் ஆட்களுக்கெல்லாம் நான்தான் வாய். "தவறுதலாக" என்று நான் சொல்வேன், டொக்டர் எழுதுவார், பொலிஸ் திரும்பிப் போகும். வெளியே சொந்தக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். "ஐறீன் மிஸ்ஸி இருக்கிற ஷிப்டில கொண்டு போங்கோ" என்று ஊரில் சொல்கிறார்கள் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை. அந்த ஆட்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் தேடிப் பார்க்கவில்லை. தேடப் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பார்த்த அதே டொக்டர்தான். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் கத்தவில்லை. பேனையை மூடி வைத்தார். பிறகு, "நான் கேள்வியை உங்களைப் பார்த்துத்தான் கேட்டேன், அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

வியாழக்கிழமைகளில் இரண்டு மணிக்கு அவர் தனியாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். வெளிநோயாளர் பகுதிக்குப் பின்னால் சின்ன அறை. பொலிஸ் புத்தகம் அங்கே வராது, கதவைச் சாத்தலாம், அவசரப்படுத்த மாட்டார். செய்வதற்கு முன் என்ன நடந்தது, இப்போது அந்த நினைப்பு இருக்கிறதா, இருந்தால் எப்போது கூடுகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எதற்காக இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தாய், இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்பாராம். கேட்டுவிட்டுத்தான் என்ன செய்யலாம் என்று உன்னோடு சேர்ந்து முடிவெடுப்பாராம். அன்றைக்கும் அதற்குத்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் இரண்டு வசனத்தில் எழுப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்கும் ஒன்று சொல்லித் தந்தார். "அவள் இப்படிச் சொல்கிறாள்" என்று சொல்லக்கூடாதாம். நோயாளி "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டுமாம். ஒவ்வொரு வசனமாக, கூட்டாமல் குறைக்காமல். இத்தனை வருடம் நேர்ஸாக இருந்தும் இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வருவாயா? வியாழன் வரை பொறுக்க முடியாது என்று எப்போதாவது தோன்றினால், எந்த நாள் என்று பாராமல் அவசரப் பிரிவுக்கு வந்து என் பெயரைச் சொல். கௌரியை விட்டுவிட்டுத் தனியே எங்கும் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஐறீன்


வெள்ளவத்தை
13.07.1997

மிஸ்ஸிக்கு,

தங்கச்சி என்று எழுத வேண்டாம். அழகரைத் தவிர எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

கௌரியை விட்டுத் தனியே போவதற்கு வழியே இல்லை. அவள் யாழ்ப்பாணத்துக்காரி, வாய் கொஞ்சம் கூட. மே மாதத்துக்குப் பிறகு படுக்கும்போது தன் சேலைத் தலைப்பையும் என் சேலைத் தலைப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறாள். "நீர் எழும்பினால் நானும் எழும்புவன், ஓம், பாத்ரூமுக்கும் சேர்ந்துதான் போகவேணும்" என்கிறாள். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் அவள் மறந்து தூங்கிவிட்டாள். நானே முடிந்துகொண்டேன்.

ஆனால் ஆவணியில் அவளுக்கு லண்டன் விசா வருகிறது. பிறகு அந்த அறையில் நான் மட்டும்தான்.

உங்கள் கிளினிக்குக்கு வர எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. பயமாக இருக்கிறது. பொலிசுக்கு இல்லை. நான் மறுபடியும் மூன்று நாள் கிடந்து சேர்த்துச் சொல்ல, நீங்கள் மறுபடியும் என் தோளைத் தட்டினால் என்ன செய்வேன்? இன்னொரு தரம் அதைத் தாங்க என்னால் முடியாது. இதை மிரட்டுவதற்காக எழுதவில்லை. உண்மையாகவே முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். பெப்ரவரியில் பதினாறாம் கட்டிலில் நான் என்ன சொன்னேன் என்று எழுதி அனுப்புங்கள். அப்படியே, ஒவ்வொரு வசனமாக. நீங்கள் என் தலைமாட்டில்தான் நின்றீர்கள், நான் சத்தமாகத்தான் சொன்னேன். அதைப் பார்த்துவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறேன்.

பாக்கியலெட்சுமி


கொட்டாஞ்சேனை
19.07.1997

பாக்கியலெட்சுமிக்கு,

நாலு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு இருக்கிறேன். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதங்களில் இருந்து எடுத்து, இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று அழகாக எழுதிவிட முடியும். எழுதியும் பார்த்தேன். வாசித்தால் உண்மை மாதிரியே இருந்தது. அதுதான் கிழித்தேன்.

எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. கொன்ஸ்டபிளின் தொப்பி எந்தக் கையில் இருந்தது என்று ஞாபகம் இருக்கிறது. எழுத மை இல்லை என்று அவன் என்னிடம் பேனை இரவல் கேட்டதும், "மிஸ்ஸி, தேத்தண்ணி எங்க குடிக்கலாம்" என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. அவன் என்ன செய்திருப்பான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருவேளை இரண்டு வரி எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான். ஒருவேளை இல்லை. ஆனால் நான் முழு நேரமும் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் சொன்னதில் முதல் வசனம் மட்டும் காதில் விழுந்தது. தம்பி உள்ளே இருக்கிறான் என்று சொன்னீர்கள். அவ்வளவுதான். கடவுளே, இந்தப் பிள்ளை வாயை மூடவேண்டும், கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் விளங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நீங்கள் கதைத்துக்கொண்டே இருந்தீர்கள். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே என் வசனம் தயாராக இருந்தது. ஊசிபோடும் அறையிலேயே அதைச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலடிக்கு வந்தேன்.

இதை எழுதினால் வரமாட்டீர்கள் என்று தெரியும். எழுதாமல் விட்டால் நீங்கள் வருவீர்கள், நான் மறுபடியும் ஒரு பொய்யின் மேல் நின்று உங்களுக்காக வாய் திறப்பேன். அது என்னால் இனி முடியாது.

நான் வேண்டாம் என்றால் டொக்டரிடம் வேறொருவரை ஒழுங்கு செய்யச் சொல்கிறேன். வைத்தியர் ஒருவர், சரோஜினிதேவி என்று, இரண்டு மொழியும் தெரியும், நிதானமான மனுஷி. என்னைப் பார்க்கவே வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். முப்பத்தோராம் தேதி வியாழக்கிழமை இரண்டு மணிக்கு உங்கள் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன். போன வியாழனும் போட்டிருந்தேன். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஐறீன்


வெள்ளவத்தை
27.07.1997

ஐறீன் மிஸ்ஸிக்கு,

உங்கள் கடிதத்தைக் கௌரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இவ்வளவு வெட்கங்கெட்ட உண்மையை எழுதுற மனுஷி இனிமேல் பொய் சொல்லமாட்டா" என்றாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனால் நீங்கள் சோடித்து எழுதியிருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்கும். வர முடிவெடுத்திருக்கவே மாட்டேன்.

அழகரின் வழக்கு வெள்ளிக்கிழமை மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. ஒக்டோபர் என்கிறார்கள்.

வியாழக்கிழமை வருகிறேன். முதலாளி சண்முகலிங்கத்திடம் லீவு கேட்டேன். "சரி, போயிட்டு வாரும்" என்றார், அவ்வளவுதான். போன வருடமும் கேட்டிருந்தால் தந்திருப்பார் போல. கடையிலிருந்து பஸ் தரிப்பு வரை அழுதுகொண்டே நடந்தேன்.

சரோஜினிதேவி டொக்டர் வேண்டாம். நீங்களே இருங்கள். ஆனால் அங்கே வந்து எனக்கு வாய் வருமோ வராதோ தெரியாது. அதனால் அன்று சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன். எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. இதைச் சிங்களத்தில் அப்படியே சொல்லுங்கள். டொக்டர் சொல்லித் தந்த மாதிரி "நான்" என்றே சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"தம்பி உள்ள இருக்கான். நான்தான் அவன வரச் சொன்னேன். அவன் வெளிய வர்ற வரைக்கும் நான் இருக்கணும்னு எனக்குத் தெரியுது. ஆனா தனியா இருந்தா என் கையையே என்னால நம்ப முடியல. என்னைய வீட்டுக்கு அனுப்பாதீங்க. கொஞ்ச நாளைக்கு யாராச்சும் என்னையப் பாத்துக்கங்க."

இவ்வளவுதான் மிஸ்ஸி. ஒரு மாற்று உடுப்பும் சவர்க்காரமும் பையில் எடுத்து வருவேன், இருக்கச் சொன்னால் இருப்பதற்கு. இது பெப்ரவரியில் சொன்னது என்று டொக்டரிடம் சொல்ல வேண்டாம். இன்றைக்குச் சொல்வதாகவே சொல்லுங்கள். எதுவும் இன்னும் மாறவில்லை.

பாக்கியலெட்சுமி